மஸ்ஸாவாவிலிருந்து வந்த பிரேக் ஆயில்

அஸ்கெடோமின் காருக்குப் பிரேக் கிடையாது என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். இருந்தது. சனிக்கிழமை மிதித்தால் ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும், அவ்வளவுதான். எங்கள் அஸ்மரா மலை உச்சியில் இருக்கிறதே தவிர, ஊர் என்னவோ தட்டில் விரித்த இஞ்செரா ரொட்டி மாதிரி சமமாகத்தான் கிடக்கிறது. சிக்னலுக்கு ஒரு தெரு முன்னாலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மரியன்னையை நினைத்துக்கொண்டால் வண்டி தானாக நின்றுவிடும். ஒருமுறை அப்படி நிற்காமல் மெல்ல உருண்டு போய் ஒரு கல்யாண ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டதாகவும், இறங்க வழியில்லாமல் அஸ்கெடோம் பெண் வீட்டுச் சாப்பாட்டை இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு வந்ததாகவும் நான் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பந்தி உண்மை.

ஆள் யார் என்றால், பாஸ்தா ஆலையில் முப்பத்துநாலு வருஷம் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்தவன். அறுபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. சட்டைக் காலர் கத்தி மாதிரி நிற்கும். கார் அவனைவிடக் கொஞ்சம்தான் இளையது: பாலேறிய காபி நிறத்தில் ஒரு பழைய ஃபியட். ஊருக்குள்ளேயே ஓடி ஓடி, அதற்கு வெளியூர் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆனால் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் அதை ஊரின் கிழக்குக் கோடிக்கு ஓட்டிக்கொண்டு போவான். அங்கே தரை முடிந்து ஆகாயம் ஆரம்பிக்கும். மேகமெல்லாம் கால் கீழே கிடக்கும். அங்கிருந்து ரோடு வளைந்து வளைந்து நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் இறங்கி, கடலில் போய்தான் மூச்சு விடும். கடலோரம் மஸ்ஸாவா. மஸ்ஸாவாவில் ஹிவெத். அஸ்கெடோம் காரை ஓரங்கட்டி, இறங்கி நின்று, அரை மணி நேரம் மேகத்தைப் பார்ப்பான். அப்புறம் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான்.

ஹிவெத் ஆலைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவரின் மகள். அப்போது இவனுக்கு இருபத்துநாலு, அவளுக்கு இருபது. "ஒரு கார் வாங்கிட்டு உங்கப்பாகிட்ட வந்து பேசுறேன்" என்றான் இவன். கார் இல்லாமல் பெண் கேட்கக் கூடாது என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறதோ! போர் வந்தது, பாதை மூடியது, காசு சேர்ந்தது, செலவானது. இவன் ஃபியட்டை வாங்கித் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்த வாரம், ஹிவெத் துறைமுகத்தில் கணக்கராக இருந்த டெக்கியேவைக் கட்டிக்கொண்டு மஸ்ஸாவாவில் இரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருந்தாள்.

இதில் குற்றவாளி யாரும் இல்லை. டெக்கியே நல்ல மனிதர். அதுதான் சங்கடம்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் உப்பு லாரிக்காரர் ஒருவர் தெருவுக்குள் வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு தகர டப்பாவை அஸ்கெடோமிடம் கொடுத்தார். ஒரு லிட்டர் பிரேக் ஆயில். அப்போது எங்கள் ஊரில் அது மருந்துக்குக்கூடக் கிடைக்காது.

"யார் குடுத்தா?"

"டெக்கியே வீட்டம்மா. நீ மாசாமாசம் மேட்டுல வந்து நின்னு திரும்பிப் போற கதையை அவங்க வீட்டுல காபி குடிக்கிறப்போ சொன்னேன். அடுத்த வாரம் இதைக் கையில குடுத்துட்டாங்க."

"ஏதாவது சொன்னாளா?"

"சிந்தாமக் கொண்டுபோன்னாங்க."

அஸ்கெடோம் அந்த ஆயிலைக் காரில் ஊற்றினானா? ஊற்றவில்லை. உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைத்து, முத்திரையைக் கிழித்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். மஸ்ஸாவா வாசனை அடித்ததாம். பிரேக் ஆயிலில் மஸ்ஸாவா வாசனை! என்னிடமே சொன்னான், வெட்கமில்லாமல்.

"என்னிக்கு இறங்கணுமோ அன்னிக்கு ஊத்திக்குறேன், அக்கா. அவளைப் பார்க்கப் போற இறக்கத்துக்கு அவ அனுப்பின ஆயில்தான்."

ஆனால் டப்பா இருக்கும் சேதி தெருவுக்குத் தெரியாமல் போகுமா? டாக்ஸிக்காரன் வந்தான், பள்ளிக்கூட வேன்காரன் வந்தான், பாதிரியாரின் மச்சான் வந்தான். "அண்ணே, ஒரு மூடி குடு, பெடல் கீழே போகுது." நம்ம ஊரில் வாசலில் வந்து நிற்பவனிடம் உப்பு இல்லை என்று சொல்லிவிடலாம்; இருப்பதை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல வாய் வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு மூடி அளந்து ஊற்றுவான். ஊற்றும்போது, "மஸ்ஸாவாவிலேர்ந்து வந்தது" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்வதற்காகவே எத்தனை பேருக்குக் கொடுத்தானோ! எட்டு வருஷத்தில் டப்பா பாதியானது.

தன் காருக்கு மட்டும், எவனோ மிச்சம் வைத்த ஏதோ ஒன்றை ஊற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற தானே ஏர் எடுத்துக்கொள்வான். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட. இவன் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு பலகையை முட்டுக்கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் திருகுவான். போன காற்றைவிட வந்த காற்று அதிகம்.

இந்த நிலைமையில்தான் நான் அந்தச் செய்தியைக் கொண்டுபோனேன். டெக்கியே இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருஷ நினைவு விருந்து சனிக்கிழமை. அத்தோடு ஹிவெத் துக்கக் கறுப்பைக் கழற்றிவிடுவாள். செவ்வாய்க்கிழமை அஸ்மராவிலிருந்து விமானம் ஏறி, கம்பாலாவில் இருக்கும் மகள் சாபாவிடம் போகிறாள். மகளுக்குப் பிரசவம். திரும்பி வருவதாக யாரும் சொல்லவில்லை.

இதை நான் வியாழக்கிழமை காலை சொன்னேன். அஸ்கெடோம் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகத்தோடு கார் சாவியை எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஸ்பாத்துவின் பட்டறைக்குப் போனான். மீதி முகம் அன்று மாலைதான் வெளியே வந்தது.

ஸ்பாத்து கையால் பெடலை அழுத்திப் பார்த்தார். அது புளித்த மாவில் விரலை விட்டதுபோல் உள்ளே போனது.

"இதை வெச்சுக்கிட்டு மஸ்ஸாவாவா? பாதி வழியில இருக்கிற நெஃபாசித் ஊரைக்கூடத் தாண்ட மாட்டே. குரங்குங்கதான் உன்னைப் புதைக்கணும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன். இந்தா ஆயில்." டப்பாவைக் குழந்தையை நீட்டுவதுபோல் நீட்டினான்.

"ஏன், அவதான் செவ்வாய்க்கிழமை இங்கேயே வர்றாளே. ஏர்போர்ட்ல போய்ப் பாரேன்."

"பெட்டியைக் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கிறவகிட்ட என்ன கேக்கிறது, ஸ்பாத்து? சொந்தக்காரங்க இருபது பேர் சுத்தி நின்னு அழுவாங்க. நானும் இருபத்தொண்ணாவது ஆளா அழுதுட்டு வரவா?"

ஸ்பாத்து டப்பாவைத் திறந்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இது எத்தனை வருஷமாத் திறந்து கிடக்கு?"

"திறந்து கிடக்கலை. மூடித்தான் வெச்சிருக்கேன். யாராவது கேட்டா மட்டும்…"

"எத்தனை பேர் கேட்டாங்க?"

அஸ்கெடோம் மனசுக்குள் தெருவை ஒரு சுற்று வந்தான். "ஒரு அறுபது பேர் இருக்கும்."

ஸ்பாத்து வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "நிகிஸ்தி! ரெண்டு கரண்டி கொண்டா! பழசு!"

அவர் மனைவி நிகிஸ்தி முற்றத்தில் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரி அடுப்பிலேயே ஒரு கரண்டியில் மஸ்ஸாவா ஆயிலும், இன்னொன்றில் முத்திரை உடைக்காத ஒரு புது டப்பாவிலிருந்து எடுத்ததும் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சிறிது நேரத்தில் மஸ்ஸாவா ஆயில் முணுமுணுத்தது. அப்புறம் குமிழ் குமிழாகப் பொங்க ஆரம்பித்தது. புதுசு அசையாமல் கிடந்தது.

"பார்த்தியா? பிரேக் ஆயிலுக்குத் தீராத தாகம், அஸ்கெடோம். மூடியைத் திறந்தா காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் குடிச்சிரும். அறுபது தடவை திறந்திருக்கே, அறுபது தடவையும் குடிச்சிருக்கு. கீழே இறங்கறப்போ சக்கரத்துல இருக்கிற பிரேக் டிரம்மு சூடேறும். இந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். ஆவியை மிதிச்சா அது நசுங்கும், வண்டி நிக்காது. பெடல்ல கால் வெக்கிறதுக்குப் பதிலா மேகத்து மேல கால் வெக்கிற மாதிரி."

"அப்போ நான் குடுத்த அறுபது பேரு?"

"அவனுங்க ஊருக்குள்ள சுத்துறவனுங்க. உனக்கு இருக்கிற அதே மரியன்னைதான் அவனுங்களுக்கும்."

அஸ்கெடோம் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே ஊற்றியிருந்தால் நல்ல ஆயில். எட்டு வருஷம் அருமையாக வைத்திருந்ததில் தண்ணீராகிப் போயிற்று.

நிகிஸ்திதான் கரண்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். "அந்தக் கரண்டியை இனிமே வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்க, அப்புறம் நானும் கம்பாலாவுக்குத்தான்."

எதை ஊற்றுவது என்பதில் அடுத்த அரை மணி நேரம் போனது. பட்டறையில் நின்ற லாரிக்காரன் ஒருவன், தன் ஹைட்ராலிக் ஆயிலில் கொஞ்சம் தருகிறேன் என்றான். "குடு, குடு, உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் மாசமான பொண்ணு கால் மாதிரி வீங்கட்டும்" என்று ஸ்பாத்து அவனை விரட்டினார். அஸ்கெடோம் பையிலிருந்து இன்னொரு புட்டியை எடுத்தான். ஸ்டாக்ஹோமில் இருக்கும் அக்கா மகன் அனுப்பியது, ஊதா நிறம், விலை அதிகம். இது தண்ணியே குடிக்காதாம் என்றான்.

"குடிக்காதுதான். ஆனா பழைய ஆயிலோட ஒட்டவும் ஒட்டாது. இதை ஊத்தணும்னா குழாயெல்லாம் கழட்டிக் கழுவி, ரப்பரெல்லாம் புதுசு போடணும். ஒரு மாசம் ஆகும். நீ ஒரு மாசம் கழிச்சா போறே?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்போ இதான்." ஸ்பாத்து அந்தப் புது டப்பாவைத் தட்டினார். சாதாரண ஆயில்தான், மூடியில் தரத்துக்கு நாலாம் எண் போட்டது. தன் வேனுக்கு என்று வாங்கி ஒளித்து வைத்திருந்தார். "உன் காரோட வயசுக்கு இது போதும். அதிசயம் எதுவும் வேணாம். புதுசா இருக்கணும், மூடி திறக்காததா இருக்கணும். அவ்வளவுதான்."

வேலை ஆரம்பித்தது. நிகிஸ்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்பாத்து, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கினார்: பின்னால் வலது. திருகில் ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனை ஒரு ஜாம் புட்டிக்குள் ஆயிலில் முங்கியபடி. அஸ்கெடோமுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: முன்னால் நின்று, மேல் தொட்டியில் ஆயில் குறையக் குறைய ஊற்ற வேண்டும். "அது மட்டும் காலியாகக் கூடாது. காலியானா மறுபடியும் காத்து புகுந்துரும். பெயிண்ட்டுல சிந்தாதே, உரிச்சிரும்."

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்."

ஜாம் புட்டியில் கறுப்பாக, மூன்றாம் நாள் காபி மாதிரி ஒன்று கொப்பளித்துக்கொண்டு வந்தது. காற்றுக் குமிழ் சரம் சரமாக.

"சரி, விடு. மிதி!"

"அடுப்புல கொட்டை கருகுது."

"கருகட்டும். பிடி!"

"பிடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். விடுன்னு சொல்ல மறந்துட்டீங்க."

"எப்ப மறந்தேன்?"

"முப்பத்தொரு வருஷமா."

சக்கரத்தடியிலிருந்து ஸ்பாத்துவின் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. அவர் முகத்தை அவள் பார்க்க முடியாது, அவள் முகத்தை அவரும். இருந்தும் அவர் திருகை மூடுகிற நொடியும் அவள் காலைத் தூக்குகிற நொடியும் ஒன்றாக இருந்தன. கடைசிக் கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டார்கள். வாய் திறக்காமலே மிதி, பிடி, விடு நடந்துகொண்டிருந்தது.

அஸ்கெடோம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. திடீரென்று நிகிஸ்தி, "பெடல் மறுபடி உள்ளே போகுதே!" என்று கத்தினாள்.

ஸ்பாத்து எழுந்து வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். வறண்டு கிடந்தது.

"யோவ்! உனக்கு ஒரே ஒரு வேலை குடுத்தேன்!"

"மன்னிச்சிரு. பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்."

"என்னத்தைப் பார்த்தே? ஆயிலைத்தானே பார்க்கணும்?"

அஸ்கெடோம் தொட்டியில் ஆயிலை ஊற்ற ஆரம்பித்தான். நிகிஸ்தி சீட்டிலிருந்து ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணனைத் திட்டாதீங்க. மறுபடி பின்னாடி வலதுலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள். இடையில் இறங்கிப் போய், கருகிய கொட்டையை எடுத்து எறிந்துவிட்டுப் புதுக் கொட்டை போட்டாள். நான்கு சக்கரமும் முடிந்து, புட்டியில் இளந்தேன் நிறத்தில் ஆயில் குமிழில்லாமல் வந்தபோது மூன்றாவது சுற்றுக் காபியும் முடிந்திருந்தது. பெடல் பாதி தூரத்தில் கல் மாதிரி நின்றது.

ஞாயிறு விடியற்காலை அவன் இறங்கினான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை மேட்டில் நிற்காமல் மேகத்துக்குள் நுழைந்தான். சைக்கிள் பந்தயப் பையன்கள் அவனை முந்திக்கொண்டு இறங்கி, கீழே டீ குடித்து, திரும்ப ஏறி வருகையில் அவனை மறுபடி பார்த்து வணக்கம் சொன்னதாகக் கேள்வி. அந்த அளவு வேகம். இரண்டாம் கியரிலேயே எஞ்சினை முனக விட்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பிடித்தது. கற்றாழை போய் ஆரஞ்சுத் தோட்டம் வந்தது, குளிர் போய் வெயில் வந்தது. கோட்டைக் கழற்றினான், டையைத் தளர்த்தினான், ஆனால் அவிழ்க்கவில்லை.

ஹிவெத் கறுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுத்தி, வாசலில் விருந்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. காரைப் பார்த்தாள். அப்புறம்தான் ஆளைப் பார்த்தாள்.

"வந்துட்டியா? டெக்கியே போய் ஒரு வருஷம் கழிச்சா?"

"ஹிவெத், நான்…"

"பிரேக் ஆயில் வந்து சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு. எட்டு வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன்."

"வெச்சிருந்தியா!" அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "அதை டெக்கியேதான் துறைமுகக் கடையில வாங்கிட்டு வந்தார். 'அந்த மனுஷன் மாசாமாசம் மேட்டுல வந்து நிக்கிறானாமே, பாவம், ஒருநாள் இறங்கி வந்து நம்ம வீட்டுல காபி குடிச்சிட்டுப் போகட்டும்'னார். எத்தனை நாள் வாசலைப் பார்த்தோம் தெரியுமா, ரெண்டு பேரும்? 'லாரிக்காரன் வித்துத் தின்னுட்டான்'னு அவனைக்கூடத் திட்டினார்."

அஸ்கெடோம் வாசற்படியில் உட்கார்ந்தான். இதை அவன் எனக்குச் சொன்னபோது, "அக்கா, அந்த மனுஷனை நான் எட்டு வருஷமா மனசுக்குள்ள எவ்வளவு…" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

திங்கட்கிழமை அவளை அவன்தான் மேலே கூட்டிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் போகிறேன் என்றவளை, காலி வண்டி எப்படியும் மேலே போகத்தானே வேண்டும் என்று மடக்கிவிட்டான். இரண்டு பெட்டி, கூரைமேல் ஒரு மூட்டை. மேலேறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. மூன்று மணி நேரப் பாதையை ஆறு மணி நேரம் ஓட்டினான்.

"வண்டி ஏன் இப்படி ஊருது?" என்றாள் அவள்.

"வயசாயிருச்சு."

"வண்டிக்கா?"

வழியில் கிண்டா ஊரில் நிறுத்தி ஆரஞ்சு வாங்கினார்கள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அவள் உரித்துக் கொடுக்க, இவன் வாங்கிக்கொண்டான். மூன்றாவது பழத்தில், தோலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"போகாம இருக்க முடியாதா?"

"பொண்ணுக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு, அஸ்கெடோம்."

"பிள்ளை பொறந்தப்புறம்?"

அவள் ஒரு சுளையை வாயில் போட்டு மென்று, விதையை உள்ளங்கையில் துப்பினாள். "அப்புறம் நீ வந்து கூட்டிட்டுப் போ."

"கம்பாலாவுக்கா?"

"ஏன்? இப்பத்தான் உனக்குப் பிரேக் இருக்கே."

சிரித்தாள். இவனும் சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னாளா, மனசிலிருந்து சொன்னாளா என்று நெஃபாசித் வரை யோசித்தான். நெஃபாசித்துக்கு மேலே மூடுபனி. முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டி, "இடது… இடது… போதும், இப்ப நேரே…" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னபடி இவன் திருப்பினான். ஊர் வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். இருபது பேர் அழுதார்கள். இவன் அழவில்லை.

கம்பாலாவில் பேரன் பிறந்துவிட்டான். நாலு மாதமாகிறது. நடுவில் மூன்று நாடுகளின் எல்லை, அதில் முதல் எல்லையே பூட்டிக் கிடக்கிறது. அது அஸ்கெடோமுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்து அட்லஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தெற்கே லாரி ஓட்டிப் பழகிய கிழவர்கள் யார் கிடைத்தாலும் மக்கியாத்தோ காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கிறான். அவன் கேட்பது ஒரே கேள்விதான்: இங்கிருந்து கம்பாலா வரை எத்தனை இறக்கம் வரும், எது நீளம், எது செங்குத்து.

போன வாரம் என்னிடமும் கேட்டான். நான் கெரன் ஊரைத் தாண்டி ஒரு கால் எடுத்து வைத்ததில்லை. இருந்தாலும் அட்லஸை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தெற்கே தடவிக்கொண்டே போனேன்.

"இறக்கமே கிடையாது, தம்பி. எல்லாம் சமவெளி. ரெண்டு பக்கமும் வாழைத் தோப்பு. கைக்குழந்தைகூட ஓட்டிரும்."

அவன் நம்பவில்லை. ஆனால் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டான்.